மத்தவங்களுக்கு இடிச் சத்தமா மட்டும் கேட்கிற அழைப்பு: அதுல தைரியமா நடக்கிறது எப்படி?

யோவான் 12-ம் அதிகாரத்துல ஒரு சின்ன இடம் இருக்கு, வேகமா வாசிச்சா தாண்டிப் போயிடுவோம். இயேசு ஜெபம் பண்றாரு, வானத்துல இருந்து ஒரு சத்தம் வருது. பக்கத்துல நின்ன கூட்டத்துல கொஞ்சம் பேர் "இடிமுழக்கம்"னு சொல்றாங்க, வேற கொஞ்சம் பேர் "தேவதூதன் அவரோட பேசினான்"னு சொல்றாங்க. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சத்தம். பவுலுக்கும் இதே கதைதான், தமஸ்கு ரோட்டுல கூட வந்தவங்க வெளிச்சத்தைப் பார்த்து பயந்தாங்க, ஆனா தன்னோட பேசினவருடைய சத்தத்தை அவங்க கேட்கலன்னு அப்போஸ்தலர் 22-ல அவரே சொல்றாரு.

இதை நான் ஏன் முதல்லயே சொல்றேன்னா, அழைப்பு இருக்குன்னு, அதாவது ஒரு வேலைக்குக் கர்த்தர் தன்னைக் கூப்பிடுறாருன்னு, சொல்ற நிறைய பேர் சோர்ந்து போறது ஊழியத்தோட கஷ்டத்தால இல்ல, தனக்குக் கேட்ட அதே சத்தத்தை அம்மா அப்பாவுக்கும் பிரெண்ட்ஸுக்கும் ஆபீஸ்ல பக்கத்து சீட்காரருக்கும் கேட்க வெச்சிடணும்னு வருஷக்கணக்கா போராடித்தான் சோர்ந்து போறாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். காது கேட்காதவங்களுக்கு சைகை மொழியில வேதம் சொல்லித்தர்ற வேலைக்கு நான் வந்தப்போ என்னைச் சுத்தி இருந்த யாருக்குமே அது புரியல, ரெண்டு வருஷம் நான் ஊழியம் பண்ணினதை விட விளக்கம் சொன்னதுதான் ஜாஸ்தி. அந்த ரெண்டு வருஷத்துல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன், வரிசையா இருக்காது, பொறுத்துக்கோங்க.

முதல்ல, இது அழைப்புதானான்னு பாருங்க

இதைத் தாண்டிட்டு நேரா "தைரியமா இருங்க"ன்னு சொல்றது எனக்குப் பிடிக்காது. ஏன்னா தப்பான விஷயத்துல தைரியமா இருந்து குடும்பத்தையே தெருவுல நிறுத்தினவங்களும் இருக்காங்க. இன்னொண்ணு, எல்லாரும் எதிர்க்கிறாங்கங்கிறதாலயே அது கர்த்தர்கிட்ட இருந்து வந்ததுன்னு ஆகிடாது. "நோவாவையும் ஜனங்க நம்பல"ன்னு ஒரு டயலாக் உண்டு, சரிதான், ஆனா ஜனங்க நம்பாத எல்லாரும் நோவா கிடையாது.

சாமுவேல் கதையைப் பாருங்க. மூணு தடவை கூப்பிட்ட சத்தம் கேட்டு மூணு தடவையும் அந்தப் பையன் ஆசாரியன் ஏலிகிட்ட ஓடினான். அவனுக்கே முதல்ல அது யார் குரல்னு தெரியல, அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. உண்மையான அழைப்பு திரும்பத் திரும்ப வரும், ஒரு மீட்டிங்ல பாட்டும் அழுகையுமா இருக்கும்போது வந்துட்டு திங்கக்கிழமை காலைல காணாமப் போறது வேற. அதனால ஒரு நோட்டு வாங்கி தேதி போட்டு எழுதுங்க: என்ன தோணுச்சு, எந்த வசனம், அப்போ மனசு எப்படி இருந்துச்சு, சந்தோஷமா இருந்தேனா, வேலைல திட்டு வாங்கிட்டு வந்த நாளா. இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், ஏன்னா மேனேஜர் பிடிக்காததால வர்ற "அழைப்பு" நிறைய. நாலஞ்சு மாசம் கழிச்சு அந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தா உங்களுக்கே ஒரு வடிவம் தெரியும்.

ஏன் நாலஞ்சு மாசம்னா, பெர்சிய ராஜாகிட்ட வேலை பார்த்த யூதரான நெகேமியா அவ்வளவு நாள் எடுத்துக்கிட்டாரு. எருசலேம் அலங்கம் (நகரத்தோட மதில்) இடிஞ்சு கிடக்குன்னு அவர் கேள்விப்பட்டது கிஸ்லேவு மாசம், ராஜாகிட்ட வாயைத் திறந்தது நிசான் மாசம். நடுவுல சுமார் நாலு மாசம் அழுகை, உபவாசம், ஜெபம், தினசரி பானபாத்திரக்கார வேலை. அவர் லீவு கூட போடல.

நோட்டுல கூடவே மூணு கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்க. வேதம் நேரடியா வேண்டாம்னு சொல்ற எதையாவது இதுக்காக நான் செய்ய வேண்டி வருதா? இதனால வேற யாருக்கு நன்மை, இல்ல எனக்குப் பேரு மட்டும்தானா? இதை நான் செய்றதை யாருமே போட்டோ எடுக்க மாட்டாங்க, எங்கயும் போட மாட்டாங்கன்னா, அப்பவும் செய்வேனா? மூணாவது கேள்வியில நான் ஒரு வாரம் மாட்டிக்கிட்டு முழிச்சேன்.

அழைப்புன்னா வேலையை விட்டுட்டு பிரசங்கம் பண்ணப் போறதுன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. வில்லியம் வில்பர்போர்ஸ் 1785-ல மனம் திரும்பினப்போ இங்கிலாந்து பார்லிமென்ட்ல உறுப்பினரா இருந்தாரு, அரசியலை விட்டுடலாமான்னு யோசிச்சு ஜான் நியூட்டன் போதகரைத் தேடிப் போனாரு. நியூட்டன் ஒரு காலத்துல அடிமைக் கப்பல் கேப்டனா இருந்தவரு. அவர் "அங்கயே இரு"ன்னு சொன்னாரு. அந்த ஒரு ஆலோசனைக்கு அப்புறம் 1791-ல அடிமை வியாபாரத்துக்கு எதிரா கொண்டு வந்த தீர்மானம் தோத்துச்சு, திரும்பத் திரும்பக் கொண்டு வந்தாரு, 1807-லதான் சட்டம் ஆச்சு. அவருக்கு அழைப்பு பார்லிமென்ட் பெஞ்சுல. உங்களுக்கு ஒருவேளை நேர்மையா கணக்கு எழுதுறதுல இருக்கலாம், ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கிறதுல இருக்கலாம், படுத்த படுக்கையா இருக்கிற ஒருத்தரைப் பார்த்துக்கிறதுல இருக்கலாம். இதெல்லாம் மேடை ஏறாததால இன்னும் கம்மியாத்தான் மத்தவங்களுக்குப் புரியும்.

யார்கிட்ட சொல்றது, எவ்வளவு சொல்றது

எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லணும்னு சட்டம் இல்ல. யோசேப்பு பதினேழு வயசுல சொப்பனம் கண்டான், சொப்பனம் கர்த்தர் கொடுத்ததுதான், ஆனா ஏற்கெனவே அவன் மேல கடுப்புல இருந்த அண்ணன்மார்கிட்ட போய் "உங்க அரிக்கட்டு எல்லாம் என் அரிக்கட்டை வணங்குச்சு"ன்னு சொன்னான் பாருங்க, அது அவசரம். மோசேயைப் பாருங்க, எரியிற முட்செடியைப் பார்த்துட்டு வந்து மாமனார்கிட்ட விடை கேட்கும்போது அந்தச் செடியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதா இல்ல. எகிப்துல இருக்கிற என் சகோதரர் இன்னும் உயிரோட இருக்காங்களான்னு பார்த்துட்டு வரணும், உத்தரவு கொடுங்கன்னு கேட்டாரு. மாமனார் எத்திரோவும் சமாதானமாப் போயிட்டு வான்னு சொல்லிட்டாரு. மோசே பொய் சொல்லல. அந்த மனுஷனுக்கு அன்னைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சொன்னாரு. நெகேமியாவும் எருசலேமுக்குப் போனப்புறம் ராத்திரில சில பேரை மட்டும் கூட்டிக்கிட்டு இடிஞ்ச அலங்கத்தைச் சுத்திப் பார்த்தாரு, தேவன் தன் மனசுல வெச்சதை ஒருத்தருக்கும் அறிவிக்கலன்னு அவரே எழுதி வெச்சிருக்காரு.

நான் பண்ணினது என்னன்னா, ஒரு உபவாச ஜெபம் முடிஞ்ச சூட்டோட, ராத்திரி பதினொண்ணரைக்கு, சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்ல நீளமா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ஆறு நிமிஷம் சொச்சம். காலைல எழுந்து பார்த்தா நாப்பது பதில், அதுல ரெண்டு கைகூப்பின படம், மத்ததெல்லாம் அப்பாவுக்கு நேரா போன போன் கால். நான் அப்பாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்னோட சித்தப்பா அவர்கிட்ட சொல்லிட்டாரு. அதை இன்னைக்கு வரைக்கும் நினைச்சா வயித்தைப் பிசையுது.

அதனால என் யோசனை: ஜெபிக்கத் தெரிஞ்ச, உங்களைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச, உங்களை "முட்டாளே"ன்னு கூப்பிடுற உரிமை இருக்கிற ரெண்டு மூணு பேர்கிட்ட மொத்தத்தையும் சொல்லுங்க. உங்க முடிவால வாழ்க்கை மாறப் போற ஆட்கள்கிட்ட, அதாவது கணவர், மனைவி, அம்மா, அப்பா, பிள்ளைங்ககிட்ட, அவங்க வேற யார் வாயிலயும் கேட்கிறதுக்கு முன்னாடி நீங்களே உட்கார்ந்து சொல்லுங்க. மீதி ஜனங்களுக்கு ஒரே ஒரு வரி போதும்.

எதிர்ப்பு எல்லாம் ஒரே வகை இல்ல, பிரிச்சுப் பாருங்க

இதுதான் நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்ட பாடம், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

அந்த வாய்ஸ் மெசேஜ் கூத்துக்கு அப்புறம் அன்னைக்கு சாயங்காலம் அப்பா முன்னாடி போய் நின்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தாரு, கோபப்படல. மூணே மூணு கேள்வி கேட்டாரு. "மாசம் எவ்வளவு வரும்? எங்க தங்குவ? உடம்பு சரியில்லன்னா யார் செலவு பண்ணுவா?" அவ்வளவுதான். நான் அதுக்கு என்ன பண்ணினேன் தெரியுமா, "மனுஷருக்குக் கீழ்ப்படியறதை விட தேவனுக்குக் கீழ்ப்படியணும்"னு வசனம் சொல்லிட்டு ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டேன். பேதுருவும் அப்போஸ்தலரும் அதைச் சொன்னது, இயேசுவோட நாமத்துல பேசவே கூடாதுன்னு கட்டளை போட்ட ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னாடி நின்னு. வாடகை எங்க இருந்து வரும்னு கேட்ட அப்பாகிட்ட இல்ல.

பல மாசம் கழிச்சு நெகேமியா ரெண்டாம் அதிகாரத்தை வாசிக்கிறேன், அங்க ராஜா கேட்கிறாரு: உன் பிரயாணம் எத்தனை நாள், எப்போ திரும்பி வருவ? நெகேமியா கோபப்படல, உமக்கு விசுவாசம் இல்லன்னு சொல்லல, ஒரு காலத்தைக் குறிச்சுச் சொன்னாரு. அதுக்கு மேல, நதிக்கு அந்தப்புறம் இருக்கிற தேசாதிபதிகளுக்கு லெட்டர் வேணும், வனக்காவலன் ஆசாப்புக்கும் ஒரு லெட்டர் வேணும், கதவுக்கு மரம், அலங்கத்துக்கு மரம், நான் தங்கப் போற வீட்டுக்கு மரம்னு லிஸ்ட்டே வெச்சிருந்தாரு. நாலு மாசம் ஜெபம் பண்ணின மனுஷன் எதுக்கெல்லாம் மரம் வேணும்னும் கணக்குப் போட்டு வெச்சிருக்காரு. எங்க அப்பா கேட்டதும் அதே ராஜா கேட்ட கேள்விதான், என்கிட்ட பதில் இல்லாததால அதுக்கு அவிசுவாசம்னு பேர் வெச்சுட்டேன்.

ஸோ ஒரு பேப்பர் எடுத்து, யார் என்ன சொன்னாங்கன்னு அப்படியே எழுதுங்க, உங்க கோபத்தைக் கலக்காம. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இது என்னன்னு குறிங்க. சிலது கேள்வி, அதுக்கு உழைச்சுப் பதில் கண்டுபிடிக்கணும். சிலது பயம், அதுக்குப் பதில் தேவையில்ல, பக்கத்துல உட்கார்ந்தா போதும். சிலது எச்சரிப்பு, உங்க குணத்துல இருக்கிற ஓட்டையை அவங்க பார்த்திருக்கலாம், அதை ஜெபத்துல வெச்சு உண்மையா ஆராயணும். கடைசியா சிலது வெறும் குத்தல். ராட்சசன் கோலியாத்தைப் பத்திப் போர்க்களத்துல விசாரிச்ச தாவீதைப் பார்த்து அவன் மூத்த அண்ணன் எலியாப், அந்தக் கொஞ்ச ஆடுகளை யார்கிட்ட விட்டுட்டு வந்த, உன் அகங்காரம் எனக்குத் தெரியும்னு கத்தினான். தாவீது ஒரு வரி பதில் சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி வேற ஒருத்தன்கிட்ட பேசப் போயிட்டான். ராட்சசன் நிக்கிறது பள்ளத்தாக்குல, அண்ணன்கிட்ட சண்டை போட்டு பலத்தைச் செலவு பண்ண அவனுக்கு நேரம் இல்ல.

இன்னொரு கஷ்டமான வகையும் இருக்கு. உங்களை நேசிக்கிறவங்க, ஆவிக்குரியவங்க, சொல்ற விஷயமும் உண்மை, ஆனாலும் அவங்க வந்து சேர்ற முடிவு உங்களுக்கு உரியது இல்ல. அப்போஸ்தலர் 21-ல அகபுங்கிற தீர்க்கதரிசி பவுலோட கச்சையை (இடுப்புப் பட்டையை) எடுத்துத் தன் கையையும் காலையும் கட்டிக்கிட்டு, எருசலேம்ல இந்தக் கச்சைக்காரனை இப்படித்தான் கட்டுவாங்கன்னு சொன்னாரு. அங்க பவுலை நிஜமாவே பிடிச்சுக் கட்டினாங்க. லூக்கா உட்பட எல்லாரும் போகாதீங்கன்னு அழுதாங்க, பவுலுக்கு இதயம் உடைஞ்சது, ஆனாலும் போனாரு. கடைசில அவங்க "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது"ன்னு அமைதியாயிட்டாங்க. உங்களுக்குக் கஷ்டம் வரும்னு யாராவது சொன்னா, வராதுன்னு வாதாடாதீங்க. "ஆமா, வரும்னு எனக்கும் தெரியும்"னு சொல்லிப் பாருங்க, பேச்சோட சூடே இறங்கிடும்.

பேசும்போது

"கர்த்தர் என்கிட்ட சொல்லிட்டாரு"ன்னு சொன்னா எதிர்ல இருக்கிறவர் வாயை அடைச்ச மாதிரி, அதுக்கு மேல அவர் பேசினா கர்த்தரை எதிர்த்த மாதிரி ஆகிடும், எந்த அப்பாவுக்கும் அது பிடிக்காது. "கர்த்தர் இந்தப் பக்கம் நடத்துறாருன்னு நான் நம்புறேன், நீங்களும் எனக்காக ஜெபம் பண்ணுங்க"ன்னு சொல்லலாம். விசுவாசம் குறைஞ்சு போயிடாது, பணிவு கூடும். ஒருவேளை நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருந்தா திரும்பி வர்றதுக்கும் வழி இருக்கும். அதிகம் பேசுறதும் வேண்டாம். அன்னாள் ஆலயத்துல உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணினப்போ ஏலி அவளைக் குடிச்சிருக்கான்னு நினைச்சாரு, அதுவும் ஆசாரியன்! அவ ஒரு நீண்ட பிரசங்கம் பண்ணல, அப்படி இல்ல ஆண்டவனே, நான் மனக்கிலேசம் உள்ள ஒரு ஸ்திரீ, கர்த்தர் முன்னாடி என் இருதயத்தை ஊத்தினேன்னு மரியாதையா சொன்னா. ஏலி உடனே ஆசீர்வாதம் சொல்லி அனுப்பினாரு. அதே ஏலிதான் பின்னாடி அவ பெத்த பிள்ளைக்கு "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்"னு பதில் சொல்லக் கத்துக் கொடுத்தாரு, ஏலிக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்ல! உங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டவர் கையிலயே உங்களுக்கான உதவி இருக்கலாம், அதனால யாரையும் சீக்கிரம் தள்ளி வைக்காதீங்க.

ஒரே ஆள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு மல்லுக்கு நின்னா? அலங்க வேலையைத் தடுக்கப் பார்த்த சன்பல்லாத்து ஆளுங்க நெகேமியாவை நாலு தடவை பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டாங்க, நாலு தடவையும் அவர் அதே பதிலைத்தான் அனுப்பினாரு: நான் பெரிய வேலையைச் செய்யறேன், வர முடியாது. புதுசு புதுசா விளக்கம் தேடல, 52 நாள்ல அலங்கம் முடிஞ்சுது. நீங்களும் ஒரு நல்ல பதிலை யோசிச்சு வெச்சுக்கிட்டு, சிரிச்ச முகமா அதையே சொல்லிட்டுப் பேச்சை மாத்துங்க.

வீட்டுல இருக்கிறவங்களை மிதிச்சுட்டுப் போகாதீங்க

வில்லியம் கேரி பேரைச் சொல்லாத மிஷனரி மீட்டிங் கிடையாது. செருப்பு தைக்கிறவரா இருந்தவரு, 1793-ல இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாரு, முதல் ஆள் ஞானஸ்நானம் எடுக்க 1800 டிசம்பர் ஆச்சு, ஏழு வருஷம். அதை எல்லாரும் சொல்லுவாங்க. அவரோட மனைவி டாரதியைப் பத்தி மேடைல கம்மியாத்தான் பேசுவாங்க. அவங்க முதல்ல வரமாட்டேன்னு சொன்னாங்க, கடைசி நேரத்துல வற்புறுத்தித்தான் கிளம்பினாங்க, 1794-ல அஞ்சு வயசுப் பையன் பீட்டர் செத்துப் போனான், அதுக்கப்புறம் அவங்க மனநிலை பாதிக்கப்பட்டு 1807-ல இறக்கிற வரைக்கும் சரியாகல. கேரி செஞ்ச வேலையை நான் மதிக்கிறேன், அவர் அழைப்பு பொய்னு சொல்ல வரல. ஆனா கல்யாணம் ஆனவங்க இந்தக் கதையோட ரெண்டு பக்கத்தையும் வாசிச்சுட்டு அப்புறம் முடிவெடுங்க. உங்க துணைக்கு இன்னும் மனசு வரலன்னா, காத்திருக்கிறதும் கீழ்ப்படிதல்தான்.

அம்மா அப்பா உங்களை நம்பித்தான் இருக்காங்கன்னா அந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்க. பெத்தவங்களுக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை ஆயிடுச்சுன்னு சொல்லித் தப்பிச்சவங்களை இயேசு மாற்கு 7-ல நேருக்கு நேர் கண்டிச்சாரு. ஊழியத்தைக் காரணம் காட்டி மருந்து வாங்கிக் கொடுக்காத பிள்ளைங்களுக்கும் அது பொருந்தும்.

சபையே புரிஞ்சுக்கலன்னா

இது வீட்டு எதிர்ப்பை விட வலிக்கும். மதர் தெரசா 1946 செப்டம்பர் 10-ம் தேதி ரயில்ல போகும்போது, ஏழைகள் நடுவுல போய் வேலை செய்யணும்ங்கிற அழைப்பு வந்ததா சொன்னாங்க. ஆனா கான்வென்ட்டை விட்டு வெளிய வர அனுமதி கிடைச்சது 1948-ல, அவங்களோட கன்னியர் சபை முறைப்படி ஆரம்பிச்சது 1950-ல. ஆர்ச்பிஷப் காத்திருக்கச் சொன்னாரு, காத்திருந்தாங்க, கேட்டுக்கிட்டும் இருந்தாங்க. விட்டுக்கொடுக்கல, முறிச்சுக்கிட்டும் போகல.

கிளாடிஸ் அய்ல்வர்டை, லண்டன்ல வீட்டு வேலை செஞ்ச பொண்ணு, சைனாவுக்கு அனுப்ப ஒரு மிஷன் மறுத்துட்டாங்க, இவங்களால சீன மொழி கத்துக்க முடியாதுன்னு. அவங்க யாரையும் திட்டிக்கிட்டு உட்காரல, சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ரயில் டிக்கெட்டுக்குச் சேர்த்து 1932-ல கிளம்பிட்டாங்க, அங்க வயசான ஒரு மிஷனரி அம்மாவுக்கு உதவியாப் போனாங்க. சீன மொழி அங்க போய் ஜனங்களோட பேசிப் பேசியே வந்துடுச்சு, பின்னாடி சீனக் குடியுரிமையே வாங்கினாங்க. ரெண்டு பேர், ரெண்டு விதம், எது உங்களுக்குன்னு நான் சொல்ல முடியாது, ஆனா ரெண்டு பேரும் கசப்பை மூட்டை கட்டிக்கிட்டு அலையல, அதைக் கவனிங்க.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிடறேன். உங்களுக்காக கர்த்தர் தன்கிட்ட பேசினதா சொல்லி, வேற யார்கிட்டயும் ஆலோசனை கேட்காதன்னு ஒருத்தர் சொன்னாலோ, வீட்டு ஆட்களோட பேச்சை நிறுத்துன்னு சொன்னாலோ, இருக்கிற பணத்தை எல்லாம் கொண்டு வந்து கொடுன்னு சொன்னாலோ, அங்க இருந்து மரியாதையா எழுந்து வந்துடுங்க. அந்த இடத்துல உங்க அம்மாவோட சந்தேகம்தான் ஆவியானவரோட குரலா இருக்கும்.

சின்னதா ஆரம்பிங்க

தைரியம் முதல்ல வரும், அப்புறம் அடியெடுத்து வைக்கலாம்னு நான் காத்திருந்தேன். வரல. அடியெடுத்து வெச்சப்புறம்தான் துளித்துளியா வந்துச்சு. முடிஞ்ச வரைக்கும் இருக்கிற வேலையை விடாம, வாரத்துல ரெண்டு மணி நேரம் அதே ஊழியத்தைச் செஞ்சு பாருங்க. பவுலே கொரிந்துல கூடாரம் தைச்சுக்கிட்டுத்தான் பிரசங்கம் பண்ணினாரு. நான் சனிக்கிழமை வகுப்புக்குப் போக ஆரம்பிச்சேன். முதல் மாசம் "கிருபை"ன்னு சைகை காட்டுறதா நினைச்சு வேற என்னத்தையோ காட்டியிருக்கேன், முன் வரிசைல இருந்த ஒரு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுட்டு எழுந்து வந்து, என் சுண்டு விரலைப் பிடிச்சு, மடக்க வேண்டிய இடத்துல மடக்கி விட்டுட்டுப் போய் உட்கார்ந்தாங்க. எனக்கு இன்னைக்கும் சந்தேகம் வர்ற நாள்ல அந்த விரல் பிடிதான் ஞாபகம் வரும், எந்தத் தீர்க்கதரிசனத்தை விடவும்.

சாமுவேலைப் பாருங்க, ராத்திரி முழுக்க அவ்வளவு நடந்தப்புறம் பையன் காலைல எழுந்து என்ன செஞ்சான்? கர்த்தருடைய ஆலயத்தோட கதவுகளைத் திறந்தான். தினமும் செய்ற வேலை. தரிசனத்தை ஏலிகிட்ட சொல்ல அவனுக்குப் பயமா இருந்துச்சுன்னும் அதே வசனத்துல இருக்கு. கைல சாவி, மனசுல பயம், ரெண்டும் ஒண்ணாவே இருக்கலாம்.

சின்னதா ஆரம்பிக்கிறதுல இன்னொரு லாபம், தப்புன்னா சீக்கிரம் தெரிஞ்சிடும். பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தாரு, ஆவியானவர் விடல, துரோவாவுக்குப் போனாரு, அங்கதான் மக்கெதோனியா தரிசனம் வந்துச்சு. திசை மாறினா மானம் போயிடுச்சுன்னு யாரும் அவரைச் சொல்லல. ஆறு மாசம் கழிச்சு "இது எனக்கு இல்ல போல"ன்னு தெரிஞ்சா அதை வெளிப்படையா சொல்லுங்க, முதல்ல வேண்டாம்னு சொன்னவங்ககிட்டயும் போய்ச் சொல்லுங்க, கொஞ்சம் கூசும், பரவாயில்ல.

சோர்வு வர்ற நாளைப் பத்தி ஒரு சின்ன விஷயம். எலியா சூரைச்செடி கீழ படுத்துக்கிட்டு என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்னு சொன்னப்போ, கர்த்தர் முதல்ல அவருக்குப் பிரசங்கம் பண்ணல, தூங்க விட்டாரு, தூதனை அனுப்பி அடையும் தண்ணியும் கொடுத்தாரு, திரும்பத் தூங்க விட்டாரு. மெல்லிய சத்தம் எல்லாம் அதுக்கு ரொம்ப நாள் அப்புறம். அதனால ராத்திரி பத்து மணிக்கு மேல அழைப்பைப் பத்தி எந்த முடிவும் எடுக்காதீங்க, யாருக்கும் மெசேஜும் போடாதீங்க. (வாய்ஸ் மெசேஜ் சுத்தமாக் கூடாது.)

புரியாதவங்களோட வாழறது

இயேசுவோட சொந்தக்காரங்க அவர் மதிமயங்கிட்டாருன்னு சொல்லி அவரைப் பிடிச்சுக்கிட்டுப் போக வந்தாங்கன்னு மாற்கு 3-ல இருக்கு. அவரோட சகோதரர் அவரை விசுவாசிக்கலன்னு யோவான் 7-ல இருக்கு. ஆனா சிலுவைல தொங்கும்போது அவர் அம்மாவை யோவான் கையில ஒப்படைச்சாரு, அவ்வளவு வலியிலயும் வீட்டுக் கடமை மறக்கல. உயிர்த்தெழுந்ததுக்கு அப்புறம் மேல்வீட்டு ஜெபத்துல அந்தச் சகோதரர்கள் உட்கார்ந்திருக்காங்க. உங்க வீட்டுலயும் அப்படி நடக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது, சில வீட்டுல நடக்குது, சில வீட்டுல நடக்கல. உங்க பக்கம் செய்யக்கூடியது, பிறந்த நாளுக்கு போன் பண்ணுங்க, ஆஸ்பத்திரின்னா முதல் ஆளாப் போய் நில்லுங்க, எல்லாப் பேச்சையும் சாட்சியா மாத்தாதீங்க, அவங்க வேலையைப் பத்தியும் கேளுங்க. ஊழியத்துக்கு வந்ததால உங்களை இழந்துட்டோம்னு அவங்க நினைச்சா, அந்த ஊழியம் அவங்களுக்கு எப்பவும் ஒரு திருடனாத்தான் தெரியும்.

எங்க அப்பாவுக்கு இன்னும் புரியல. ஒரு தடவை கூட எங்க வகுப்புக்கு வந்தது இல்ல, நான் என்ன செய்றேன்னு யாராவது கேட்டா "ஏதோ ஸ்கூல்ல இருக்கான்"னு சொல்லிச் சமாளிப்பாரு. அன்னைக்குக் கேட்ட மூணு கேள்விக்கும் ஒரு வருஷம் கழிச்சு ஒரு பேப்பர்ல பதில் எழுதிக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன், வாங்கிப் படிச்சுட்டு மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு, ஒண்ணும் சொல்லல. ஆனா வருஷா வருஷம் என்னோட மெடிக்கல் இன்சூரன்ஸ் ரினிவல் தேதியை எனக்கு முன்னாடி அவர்தான் ஞாபகம் வெச்சிருக்காரு. போன வாரம் கூட போன் பண்ணி, "பதினெட்டாம் தேதி, மறந்துடாத"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.